மேசைக்கு அடியில் ஒரு வாக்குமூலம்

தென் கொரியாவில் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கப் போன முதல் மாதம். வகுப்பு நடுவே என் ஃபோன் சைரன் போல அலறியது. திரை முழுக்கக் கொரிய எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வடக்கிலிருந்து குண்டு வருகிறது என்று நானே முடிவு செய்து, ஐம்பது வயது உடம்பை மேசைக்கு அடியில் திணித்துக்கொண்டு, பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இருக்கும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஸ்டெல்லா, யுத்தம் வந்துடுச்சு. நான் திரும்பி வர்றது சந்தேகம். உன் மிக்ஸியை உடைச்சது உன் தம்பி இல்ல, நான்தான்."

அவள் நிதானமாகக் கேட்டாள்: "அப்ப ரெண்டு வருஷமா அவன்கிட்ட நான் பேசாம இருக்கேனே, அதுக்கு என்னங்க பதில்?"

பதில் யோசிப்பதற்குள் ஒரு மாணவி குனிந்து, என் ஃபோனை வாங்கிப் படித்தாள். யாரோ ஒரு தாத்தாவைக் காணவில்லையாம். அப்படிக் காணாமல் போனால் ஊரிலுள்ள எல்லா ஃபோனுக்கும் அடையாளம் அனுப்புவது அங்கே வழக்கமாம்.

"நீல ஸ்வெட்டர், வழுக்கைத் தலை. சார், உங்களைத்தான் தேடறாங்களா?" என்றாள்.

இப்போதெல்லாம் ஃபோன் அலறினால் முதலில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன். அவர்கள் அசையாதவரை நானும் அசைவதில்லை. விடுமுறைக்கு பெங்களூரு போனால் மச்சான் பக்கத்து ஏரியா ஆடுகோடியிலிருந்து சாப்பிட வருகிறான். சட்னியை அவன் அரைக்கிறான். மிக்ஸி பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை.