கெபிக்குப் பின்னால் ஒரு கதவு

தேவானையை ஆயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். "எனக்குப் பேரு இல்லியா இன்னா?" என்பாள். மயிலாப்பூரில் எங்கள் கான்வென்ட்டின் கேட் அவள் ராஜ்யம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய 'அருள் நிறைந்த மரியே'. நான் கணக்கு டீச்சர். அவளுக்குப் பயந்தே சீக்கிரம் வந்துவிடுவேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். காலை ஜெபம் தொடங்கியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற பெண் மாதா சிலை வைத்த, குகைபோன்ற கெபி முன்னால் வெயிலில் முழங்கால் போட வேண்டும். மூன்று முறை போட்டால் அப்பாவோ அம்மாவோ வந்து நிற்க வேண்டும். இதை ஏற்படுத்திய மதர் எப்போதோ கல்லறைக்குப் போய்விட்டார், வழக்கம் மட்டும் ஜம்மென்று இருக்கிறது.

கெபிக்குப் பின்னால், தோட்டக் குப்பையை வெளியே தள்ள ஒரு சின்னக் கதவு. உள்ளே வேப்பமரம் மறைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றோடு ஓடி வருகிறவளையும், வயிற்று வலியில் முகம் வெளுத்து வருகிறவளையும் தேவானை அந்தப் பக்கம் கண்ணைக் காட்டி அனுப்புவாள். ஜெபம் முடிந்து வரிசை கலையும்போது அவர்களும் கலந்துவிடுவார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் அப்படி அதிகம் வந்தவள் சாருலதா. மாட வீதிப் பெண். அம்மா படுத்த படுக்கை, அப்பா இல்லை. சமைத்து, அம்மாவுக்கு ஊட்டிவிட்டு ஓடிவருவாள். "ஆத்துல யாரும் இல்லை, தேவானையம்மா. யாரை அழைச்சுண்டு வருவேன்?" என்று அழுவாள். ஒன்பதாவது, பத்தாவது இரண்டு வருஷமும் தேவானைதான் கதவைத் திறந்தாள். வேப்பமரத்தடியில் நிறுத்தித் தன் டப்பாவிலிருந்து இட்லியும் கொடுத்தாள்.

கன்னியாஸ்திரிகள் குறைந்துபோனதால், இந்த ஜூனில் முதல் முறையாக வெளியாள் ஒருவரைப் பிரின்சிபாலாகப் போட்டார்கள். வந்தவர் சாருலதா. தேவானைக்குக் கால் தரையில் படவில்லை. "நம்ம சாரு பாப்பா" என்று பால்காரனிடம்கூடச் சொன்னாள். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கியடிக்கப்பட்டவள் தேவானை; இரண்டு பஸ் மாறி வருவாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். இனி வேலைக்குப் பயமில்லை என்று நம்பினாள். நானும்தான் நம்பினேன்.

நவம்பர் மழையில் வேளச்சேரி மூழ்கியது. ஏழாவது படிக்கும் தமிழ்நிலா, முழங்கால்வரை சேறோடு, கேட் சாத்திய பிறகு வந்தாள். தேவானை வழக்கம்போலக் கண்ணைக் காட்டினாள். பின்னால் போய்க் கதவைத் திறந்து, பிள்ளையை உள்ளே இழுத்துத் திரும்பினால், வேப்பமரத்தடியில் குடையோடு சாருலதா நிற்கிறார். அந்த இடத்துக்குக் கேமரா கிடையாது. எந்த மதருக்கும் அந்த வழி தெரிந்ததில்லை.

தேவானையை அறைக்கு அழைத்தார்கள். யாரும் கூப்பிடாமலே நானும் கூடப் போனேன்.

"நாளைக்கு அந்த வழியா எவனாவது உள்ள நுழைஞ்சா யார் பதில் சொல்றது?" என்றார் சாருலதா. குரலில் கோபம்கூட இல்லை. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

"மழைநாள் மேடம், குழந்தை நனைஞ்சு வந்திருக்கா" என்றேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

தேவானை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வந்த வழிதானே, கண்ணு?"

"அதனாலதான் எனக்குத் தெரிஞ்சது."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்.

தேவானை பையை எடுத்துக்கொண்டாள். கேட் வரைக்கும் நானும் கூட நடந்தேன். வெளியே போய்விட்டு, பழக்கத்தில் அவளே கேட்டை இழுத்துச் சாத்தினாள்.

"கதவு தொறந்ததுக்கு வேல போச்சுன்னா போவட்டும் மிஸ்ஸு" என்றாள் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. "அது எங்க நின்னுக்கினு புடிச்சுது பாத்தியா? இட்லி துன்ன எடத்துல."