மருமகளின் பட்டப்படிப்புக்கு நான் போட்ட கணக்கு

தேயிலைத் தோட்டமொன்றின் ஆபிசில் இருபத்தாறு வருடங்களாகக் கிளாக்கராக இருக்கிறேன். தொழிலாளர்களின் பேர்ப்பதிவும் சம்பளச் சீட்டும் என் மேசைக்குத்தான் வரும். அதனால்தான் தன் மகளை ஆசிரியர் பட்டப்படிப்புக்கு அனுப்பலாமா என்று அக்கா என்னிடம் கேட்டாள். ஐந்து வருடங்களுக்கு முந்திய ஒரு போயா விடுமுறை நாள். புல்ஸ்கேப் தாள் ஒன்றை எடுத்து நடுவே கோடு கிழித்தேன். என் நாட்குறிப்பில் அது மடித்தபடி இன்னும் இருக்கிறது.

மருமகளுக்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறுதான். ஆனால் பல்கலைக்கழகம் கொஞ்சப் புள்ளியில் தவறியது. கல்வியியற் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. மிஞ்சியது, கண்டியில் காசு கட்டிப் படிக்கும் நான்கு வருடப் பட்டம். மொத்தம் ஒன்பதரை இலட்சம். நான் பிணை நின்றால் வங்கி ஆறு இலட்சம் தரும். மீதி மூன்றரைக்கு அக்காவிடம் இருந்தது அவளுடைய சேமலாப நிதி மட்டுமே. இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்துச் சேர்ந்ததில், கூரைக்குத் தகரம் போட எடுத்தது போக எஞ்சிய தொகை. அப்போது அவளுக்கு ஐம்பது முடிந்திருந்தது. பேரை வெட்டிக்கொண்டு தோட்ட வேலையிலிருந்து விலகினால் அதை எடுக்கலாம்.

"பேர வெட்டுனா காம்பராவ கேப்பாங்களே, தம்பி?" என்றாள். அத்தான் இறந்தபின் அந்த லயத்து அறை அவள் பேரில்தான் நின்றது.

"புள்ள டீச்சரானா வாடக வீட்டுக்குப் போயிடலாம்க்கா. அதுவரைக்கும் தொரைகிட்ட நான் பேசுறேன்."

மருமகள் தாளை எட்டிப் பார்த்தாள். "கணக்குல பிழை ஒன்னும் இல்லியே, மாமா?"

"ஒன் மாமன் சோத்தையே எண்ணித் திங்கிற ஆளு. அவன் விடுவானா பிழை?" என்று அக்கா சிரித்தாள்.

இடப்பக்கம் கட்டணம், வட்டி, அக்காவின் இழந்த சம்பளம். வலப்பக்கம் அரசாங்க ஆசிரியர் சம்பளம், கைக்கு நாற்பதாயிரம். தவணை பதினாலாயிரம். ஐந்து வருடத்தில் கடன் முடியும்; பிறகு ஓய்வூதியம்வரை எல்லாம் வரவு. அடியில் இரட்டைக்கோடு போட்டுக் கொடுத்தேன். அக்கா அடுத்த மாதமே பேரை வெட்டினாள்.

பிழை வலப்பக்கத்தில் இருந்தது. பட்டம் கிடைக்கும் மாதத்துக்கு அடுத்த வரியிலேயே சம்பளத்தை எழுதியிருந்தேன். எங்கள் ஆபிசில் ஒருவர் பேர் பதிந்தால் அந்த மாதச் சம்பள நாளில் அவருக்குச் சீட்டு இருக்கும். வருடக்கணக்காக அதையே எழுதிய கை, பட்டத்தையும் ஒரு பேர்ப்பதிவாக எழுதிவிட்டது. இடையில் காத்திருக்கும் மாதங்களுக்கு ஒரு வரிகூட நான் விடவில்லை.

அவள் நன்றாகத் தேறினாள். ஆனால் அரசாங்கம் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பமே கோரவில்லை. ஹட்டனில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள், சம்பளம் பதினெட்டாயிரம். கடன் கட்ட முடியாதென்று நாடு கையை விரித்த வருடத்தில் வங்கி வட்டியை ஏற்றியிருந்தது. படித்த காலத்து வட்டியும் முதலோடு சேர்ந்து, தவணை பத்தொன்பதாயிரத்தில் வந்து நின்றது. அவள் சம்பளத்தைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். பதினொரு மாதம் பாதித் தவணையை நான் கட்டினேன். என் வீட்டிலும் இருவர் படிக்கிறார்கள், அதற்குமேல் இயலவில்லை. அக்கா, நிறுத்துப் பார்த்து அன்றன்றே காசு தரும் கைக்காசு வேலையாகக் கொழுந்து பறித்தாள். அது பதிவில் சேராது.

தோட்டத்தை நடத்திய பழைய துரை மாறிப் போனார். புதியவர், பதிவில் ஆளில்லாத காம்பராக்களின் பட்டியலைக் கேட்டார். நானே தயாரித்தேன். ஏழாவது, அக்காவுடையது. ஒரு மாதத்துக்குள் வீட்டிலிருந்து ஒருவர் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் அறையை ஒப்படைக்க வேண்டும் என்ற கடிதத்தையும் நானே அடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீயே அடிச்சியா, தம்பி?"

"ஆமாக்கா."

"எழுத்து நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றாள்.

மருமகள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "அம்மா பேரத் திரும்பப் பதிய ஏலாதா, மாமா?"

"சேமலாபம் எடுத்தவங்கள இந்தத் தொரை எடுக்கமாட்டாரு."

"அப்ப எம்பேரப் பதிங்க."

"ஒன்னயப் படிக்க வச்சது கூடை மாட்டவாடி?" என்று அக்கா கத்தினாள்.

"காம்பராவ விட்டுட்டு எங்கம்மா போறது?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நர்சரியில பஸ் காசு போக பதினாலாயிரத்து ஐநூறு. மலையில இருவது நாளு கொழுந்து பறிச்சுப் பேரு விழுந்தா, புடிச்சது போக இருவத்தி நாலுக்கு மேல. மாசம் பத்தாயிரம் கூட வருது. நீங்களே போட்டுப் பாருங்க, மாமா."

போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆபிசுக்கு வந்தாள். வாசலில் நின்ற, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, "என்னங்க கிளாக்கரையா, மருமகப்புள்ளைக்கும் ஆபிஸ்ல நாற்காலி போட்டாச்சா?" என்றார்.

"இல்லீங்க. மலைக்கு."

பகடி என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

படிவத்தைப் பெயர், பிறந்த திகதி, காம்பரா இலக்கம் என்று நிரப்பிக்கொண்டு வந்தேன். கல்வித் தகைமைக்கு வந்ததும் பேனா நின்றது.

"எட்டாம் வகுப்புன்னு எழுதுங்க, மாமா."

"ஏன்?"

"பட்டதாரின்னு கண்டா, இது நெலைக்காதுன்னு தொரை கையெழுத்துப் போடமாட்டாரு. போன மாசம் ஏ.எல். முடிச்ச புள்ளயத் திருப்பி அனுப்பினாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். எட்டு என்று எழுதினேன். இந்த மேசையிலிருந்து நான் தெரிந்து எழுதி அனுப்பிய பொய் அது ஒன்றுதான். அவள் கையொப்பமிட்டாள்.

"நர்சரியில சொல்லிட்டியா?"

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். புள்ளைங்களுக்குத்தான் சொல்லல."

முத்திரை குத்தி, துரையின் கையெழுத்துக்கான தட்டில் வைத்தேன். பிறகு, காலை ஆளெடுப்பைப் பற்றிப் புதிதாகப் பதிகிற எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்.

"நாளைக்கு ஆறே முக்காலுக்குப் பெரட்டு. பிந்தினா அரைப்பேருதான் விழும்."