ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாறு

அரை மணி நேரத்துக்கு முன்புவரை கேலி பேசிக்கொண்டிருந்த மனுஷன் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்த துணியாகியிருந்தது. வாந்தியில் ரத்தம். தையல்காரியான அவர் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடே தெருவில் இறங்கி எதிர்வீட்டு வேன்காரரைக் கத்திக் கூப்பிட்டாள்.

"என்னம்மா சாப்பிட்டாரு?" வண்டியை விரட்டிக்கொண்டே கேட்டார் அவர்.

"வெளிச் சாப்பாடு எதுவும் இல்லண்ணே. எங்க மாடியில காய்ச்ச சுரைக்காய். மருந்தே அடிக்காதது. சாறு எடுத்துக் குடுத்தேன்."

அந்தப் பதற்றத்திலும் 'எங்க மாடி' என்ற சொல்லில் பெருமை ஒட்டியிருந்தது. சும்மாவா வந்தது அந்தக் காய்? முதல் வருஷம் துளை போடாத வாளிகளில் தக்காளி நட்டு, தண்ணீர் தேங்கி, வேரெல்லாம் அழுகியது. அடுத்த தடவை உரத்தை அள்ளி அள்ளிப் போட்டாள்; மிளகாய்ச் செடி கருகியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர் வேலை விட்டு வந்ததும் மாடியேறித் துக்கம் விசாரிப்பார். "இன்னைக்கு யாரு காலமானாங்க?" என்பார். "செல்போனைப் பாத்து விவசாயம் பண்ணா ஏட்டுச் சுரைக்காய்தான் காய்க்கும்" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில், எங்கிருந்தோ விழுந்த விதையில் தானாக முளைத்த சுரை ஒன்று கைப்பிடிச் சுவரெல்லாம் படர்ந்து காய்த்தது. நட்டதெல்லாம் செத்துப்போக, நடாதது பிழைத்ததே என்று பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

அன்று காலை முதல் காயைச் சாறு பிழிந்து நீட்டியபோது, "சுரைக்காய்க்கு உப்பில்லைன்னு ஏதாவது நொட்டை சொன்னீங்க, அப்புறம் பேசவே மாட்டேன்" என்றாள்.

"நான் எதுக்கும்மா வாயத் தொறக்கப் போறேன்?"

ஒரே மூச்சில் குடித்து, "ஜோர்" என்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். தன் பங்கை மூடி வைத்துவிட்டு, அவசரமாகக் கேட்டிருந்த ஒரு சட்டையை முடிக்க அவள் உட்கார்ந்தாள்.

மருத்துவமனையில் சுரைக்காய்ச் சாறு என்றதும் டாக்டர் முதலில் கேட்டதே, "சாறு கசந்துச்சா?"

"இல்லையே டாக்டர். ஜோர்னு சொன்னாரே."

"சுரைக்காய் கசந்தா அது விஷம்மா. சமைச்சாலும் போகாது. ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருக்கு. இப்ப எதுவும் சொல்ல முடியாது."

சுரைக்காயா? விஷமா? காதில் விழுந்தது மண்டைக்குள் ஏற மறுத்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், மூடியிருந்த தன் பங்கைத் திறந்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். அம்மாடி! எத்தனை கொப்பளித்தும் போகவில்லை. ஒரு துளிக்கே இந்தப் பாடு என்றால், ஒரு டம்ளரை எப்படி முகம் சுளிக்காமல் இறக்கினார்? சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவர் கண் திறந்தார். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது.

"கசந்துச்சா, இல்லையா?"

"எட்டிக்காய்தான்."

"துப்ப வேண்டியதுதானே! வாய்க்கு யாரு பூட்டுப் போட்டா?"

"எத்தனை நாள் கேலி பண்ணியிருக்கேன். ஒரு காய் தேறியிருக்கு. அன்னைக்காவது உன் முகம் வாட வேணாமேன்னு பாத்தேன்."

அடிக்கக் கை ஓங்கினாள். அவர் கையில் ஊசி ஏறியிருந்தது. தலையணையைக் குத்திவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் சுரைக்கொடியை வேரோடு பிடுங்கினாள். தானாக முளைக்கும் கொடியில் கசப்பு வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னதால், இப்போது தானாக முளைப்பதை வளர்ப்பதில்லை. சுரையோ பீர்க்கோ வெள்ளரியோ, நறுக்கியதும் ஒரு கீற்றை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுவாள். துணி தைக்க வருகிறவர்களிடமும் அளவெடுத்துக்கொண்டே இதைச் சொல்லி அனுப்புகிறாள்.

போன வாரம் வெண்டைக்காய் பறித்துச் சமைத்தாள். ஒரு வாய் வைத்தவர் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன? சொல்லுங்க."

"கோவப்படக் கூடாது."

"சொல்லித் தொலைங்க!"

"முத்திப்போச்சு. கயிறு திரிக்கலாம்."

அவள் முகம் வாடத்தான் செய்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு துண்டைக் கடித்தாள். "ஆமா" என்று நாரைத் துப்பிவிட்டு, முட்டை உடைக்க எழுந்தாள்.