மைக்செட் சுருளிவேலும் தலைவரின் பண்டிகைப் பேச்சும்

சுருளிவேல் வயரின் தோலைப் பிளேடால் சீவி, செம்புக் கம்பியை முறுக்கி, குழாய் ஒலிபெருக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். விநாயகர் சதுர்த்தி ஊர்வலம் அன்று மாலை. அதற்கு முன் காலையில் பந்தலில் கட்சித் தலைவர் பேசுவதாக ஏற்பாடு.

நாகல் நகரில் அவருக்கு மைக்செட் கடை. வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவர் மனைவி செல்லக்கிளியைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். காதுகுத்து, தர்கா கந்தூரி, மாதா கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான். ஜெனரேட்டர் மட்டும் நாலு வீடு தள்ளியிருக்கும் அக்பர் அலியுடையது. ஊர்வல வண்டி பள்ளிவாசலை நெருங்கும்போது சுருளிவேல் சத்தத்தைக் குறைப்பார், கடந்ததும் கூட்டுவார். யாரும் சொல்லி அவர் செய்ததில்லை. இதுவரை யாரும் கேட்டதுமில்லை.

தலைவர் மேடையேறும் முன் சுருளிவேலைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் குரலைக் குறைக்கிறப்ப நீங்க சத்தத்தை ஏத்தணும், கொஞ்சம் எக்கோவும் வைங்க."

பிறகு பேசினார். "பண்டிகை நாளு. யாரையும் குத்தஞ் சொல்ல நான் வரல. கொழுக்கட்டை சாப்பிட வந்தேன்." எல்லாரும் சிரித்தார்கள். தாய்மாரை விசாரித்தார், விளைச்சலை விசாரித்தார். குரலைக் குறைத்தார். "எங்க வீட்டுக் குழந்தை கேட்டுச்சு. எல்லாத் தெருவுலயும் பாட்டோட வந்த பிள்ளையாரு, அந்த ஒரு எடத்துல மட்டும் ஏன் ஊமையாப் போனாருன்னு. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

எந்த இடம் என்று சொல்லவில்லை. அத்தோடு கும்பிட்டு இறங்கிவிட்டார். கூட்டம் கைதட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கே சிலிர்த்துப் போச்சுக்கா" என்றார் சுருளிவேல் என்னிடம். "அப்புறந்தான் ஒறைச்சுது, அந்த எடத்துல சத்தத்தைக் குறைச்சது நாந்தான்னு."

மதியம் அக்பர் அலி வாசலில் வந்து நின்றார். "மாப்ளே, எக்கோ பிரமாதம். எங்க வீட்டு ஆடுகூட தழை திங்காமக் கேட்டுச்சு."

"கிண்டல் பண்ணாத மாமா. வண்டிக்கு வாரேல்ல?"

"இந்த வருசம் நான் வரல. டீசல் ரொப்பி வச்சிருக்கேன், நீயே ஓட்டிக்க."

பள்ளிவாசல் தெருவில் வண்டி திரும்பியதும் சுருளிவேல் சத்தத்தைக் குறைக்கத் திருகைத் தொட்டார். விழாக் கமிட்டிப் பையன் பழனிக்குமார் அவர் கையைப் பிடித்தான். "கைய எடுங்கண்ணே. குழந்தை கேக்குதுல்ல?" மற்ற பையன்கள் நெருங்கி நின்றார்கள்.

அவர் கையை எடுத்தார். பெல்ட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, பின்னாலிருந்த ஜெனரேட்டருக்குப் போய் டீசல் குழாயை அடைத்தார். இஞ்சின் இருமி நின்றது. ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்கள், வண்டி பேசாமல் கடந்துவிடும், யாருக்கும் வம்பில்லை என்பது அவர் கணக்கு.

வண்டி கடந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "ஜெனரேட்டர் யாருது?"

"அக்பர் அலி பாயோடது."

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. சுருளிவேல் வந்து எல்லாவற்றையும் சொன்னபோது அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டுவதற்குள் அக்பர் அலியின் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. கீழே, 'பதில் கிடைத்துவிட்டது' என்று எழுதியிருந்தார்கள்.

"நீதான் அடைச்சேன்னு போய்ச் சொல்லு, சுருளி" என்றேன், செல்லக்கிளியைப் புரட்டிப் படுக்கவைத்தபடி.

"சொன்னா அடிப்பாங்கக்கா."

"சொல்லலைன்னா அவரை அடிப்பாங்க."

மறுநாள் விடிந்ததும் சுருளிவேல் பழனிக்குமார் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவன் பல் விளக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான். "பாயைக் காப்பாத்தப் பாக்குறீங்க. உங்களுக்கு இளகின மனசுண்ணே. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ குடிக்காமல் திரும்பினார். அக்பர் அலி வீட்டு வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி நின்றது. கோரைப்பாய்களும் பாத்திரங்களும் ஏறியிருந்தன. வத்தலக்குண்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நாந்தான் மாமா அடைச்சேன்."

"தெரியும். டீசல் ரொப்பித்தானே குடுத்தேன்" என்றார் அக்பர் அலி. "அந்தப் பக்கம் பிடி."

சுருளிவேல் குனிந்து, வாசலில் இருந்த ஜெனரேட்டரின் அடுத்த முனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.