துரை கேட்காத சைக்கிள் கேள்வி

இன்று ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் பேசிக் காட்டினேன்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கேட்டதெல்லாம் சைக்கிளைப் பற்றித்தான். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வது, ஈரச் சரிவில் எப்படி இறங்குவது என்று துருவினார்.

வாய் குழறாமல் சொல்லிவிட்டேன். எல்லாம் மச்சானின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பயத்தில் அவனுக்கு நான் கத்திச் சொல்பவைதான்.

துரை தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் பெரிய கிளாக்கர் சொன்னார்: "வேலை கெடச்சிருச்சு தம்பி. திங்கக்கிழம வந்துருங்க. அந்தா நிக்கிது பாருங்க, ஒங்க சைக்கிள். டவுனுக்குப் போயி தபால் எடுக்கணும்."

எனக்கு ஓட்டத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவர உங்களில் யார் தயார்?

மச்சானைக் கேட்டுவிட்டேன். பின்னால் உட்கார்ந்து கத்த மட்டும் வருகிறானாம்.