பிலோமினா மிஸ்ஸிக்கு இறங்கத் தெரியாது

பிலோமினா போய்விட்டாள். காலையில் ஹட்டனிலிருந்து அவள் மருமகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே போச்சாம்.

அழவேண்டிய நேரம்தான். ஆனால் போனை வைத்ததும் எனக்கு வந்தது சிரிப்பு. அவளை நினைத்தால் எவருக்கும் அப்படித்தான் வரும்.

அறுபதுகளின் பிற்பகுதி. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்கூல் டீச்சர், அவள் மிட்வைஃப். ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். தோட்டத்துக்கே அவள் "மிஸ்ஸி", எனக்கு மட்டும் பிலோ.

கீழ் டிவிஷனில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு நடந்துதான் போவாள். ஒரு மழைநாளில் அவள் போய்ச் சேர்வதற்குள் பிரசவம் ஆகி, பிறந்த பிள்ளை தங்கவில்லை. அன்று திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. மறுவாரம் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைசானி விட்டுப்போன லேடீஸ் சைக்கிள். அந்த அம்மா நல்ல நெட்டை போல. நம்ம பிலோவோ சுண்டெலி! சீட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, எவ்வளவு தட்டியும் கீழே இறங்கவில்லை.

ரோட்டோரக் கல்லுக்கட்டில் ஏறி நின்று சீட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஓட்டுவதும் பிரமாதமாக வந்துவிட்டது. இறங்குவதுதான் வரவேயில்லை... தரையில் கால் எட்டினால்தானே. இன்னொரு கல்லுக்கட்டு வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேரியரில் இருக்கும் நான் குதித்துச் சைக்கிளைப் பிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ரோட்டில் துரையின் ஜீப் வந்தால், சைக்கிளில் போகிறவர் இறங்கி ஓரமாக நின்று சலாம் வைக்க வேண்டும். எழுதாத சட்டம்.

ஒருநாள் ஃபேக்டரி இறக்கத்தில் எதிரே ஜீப். பயத்தில் நான் குதித்து, ஓரம் ஒதுங்கி, சலாமும் வைத்துவிட்டேன். பிலோவைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அவள் ஒரு கையால் சலாம் வைத்துக்கொண்டே துரையைத் தாண்டிப் போனாள்... போனாள்... போய்க்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லாரும் நிற்க, பெரிய கணக்குப்பிள்ளை அறிவித்தார். பொம்பளை ஓட்டுகிற சைக்கிள் இனி தோட்டத்து ரோட்டில் ஓடக்கூடாது. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தச் சைக்கிளைக் கண்டால் ஆகாது.

இனி என்ன செய்வாய் என்று கேட்டேன். கவர்ன்மென்ட் ரோடு எவன் அப்பன் வீட்டுச் சொத்து என்றாள்.

அது காசல்ரீ தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிற ரோடு. அணை கட்டித் தேங்கி அதிக காலம் ஆகாத புதுத் தண்ணீர். ஆனால் கீழ் டிவிஷனுக்கு அது ரொம்பச் சுற்று. அவசரமாக ஒருத்திக்கு வலி எடுத்தால் என்ன செய்வது... அந்தக் கவலை அவளுக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கவலைக்கு லீவு. அவள் பூசை முடிந்து வந்ததும் கிளம்பிவிடுவோம். ஏற்றத்தில் இரண்டு பேரும் தள்ளுவோம். ஒரு வளைவில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், அடுத்த வளைவில் காலடியிலேயே வந்து நிற்கும். பனி விலகினால் அக்கரையில் சிவனொளிபாத மலை முழுசாகத் தெரியும்.

இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுக் கத்துவோம் பாருங்கள்... அப்பா! அத்தனை சந்தோஷமாக நான் வாழ்க்கையில் கத்தியதே இல்லை. ஒருதரம் மஸ்கெலியா வரை போய் வடையும் பிளேன்டீயும் சாப்பிட்டு வந்தோம். மறுநாள் உட்கார்ந்தபடிதான் பாடம் நடத்தினேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் பெரிய கணக்குப்பிள்ளையே எங்கள் வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில். கீழ் டிவிஷனில் இருக்கும் மகளுக்கு வலி... நாள் முந்திக்கொண்டது.

பிலோ அதற்குள் பையை எடுத்துவிட்டாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந்த ரோட்டுல வரணும்ங்க?"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "தோட்டத்து ரோட்டுலயே வாங்க மிஸ்ஸி."

பிலோ ஓட்ட, பையோடு நான் கேரியரில். ஏற்றத்தில் கணக்குப்பிள்ளை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடி வந்தார். பாதி வழியில்... எதிரே ஜீப். "குதிச்சே, கொன்னுருவேன்" என்றாள் பிலோ என்னிடம்.

கணக்குப்பிள்ளை எங்களைத் தாண்டி ஓடி, நடு ரோட்டில், துரையின் ஜீப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"எறங்காதீங்க மிஸ்ஸி. போய்க்கிட்டே இருங்க."

ஜீப் ஓரம் கட்டியது. நாங்கள் போனோம். சலாம் வைக்கவே மறந்துபோனேன்.

பெண் குழந்தை. நல்ல அழுகை! தாத்தா லயம் லயமாகச் சீனி கொடுத்தார்.

சைக்கிள் தடையைப் பற்றி அதன்பிறகு எவரும் வாய் திறக்கவில்லை. கணக்குப்பிள்ளை இன்னொரு காரியமும் செய்தார். ஆள் வைத்து ஒவ்வொரு லயத்து முனையிலும் பெரிய கல் ஒன்றைப் போட்டார். மிஸ்ஸி கால் ஊன்றி இறங்குவதற்கு.

சில வருஷத்துக்கு முன்னால் இரண்டு கிழவிகளும் ஒரு வேனில் அந்தப் பக்கம் போனோம். மற்றக் கற்களைக் காணோம். கீழ் டிவிஷனில் மட்டும் ஒன்று இருந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மேலே தகரக் கூரை. பிள்ளைத்தாய்ச்சிகள் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிற சாமியாம்... ரொம்பச் சக்தியாம்.

பிலோ கத்தோலிக்கப் பெண். சிலுவை போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"சொல்லிராதடி சரசு. கும்புட்டுட்டுப் போகட்டும்."

இப்போதும் தோட்டத்தின் பெயரை நான் சொல்லவில்லை, பிலோ.

போயிட்டு வாடி.