கட்டத்தில் இல்லாத ஒன்பது

பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடமாகப் பதிவேடு எழுதும் அக்காவுக்கு ஆஸ்பத்திரி முழுக்கக் 'கறார்' என்றுதான் பெயர். குழந்தையின் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லும் நர்ஸைத் திரும்பவும் தராசுக்கே அனுப்பிவிடுவார். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் உயரத்தை டேப் வைத்து அளந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் கணவரிடமே கேட்டேன். மனுஷன் மறுக்கவில்லை.

நான் பக்கத்து ஸ்கேன் அறையில் நோட்டு எழுதுகிறவன். படிவத்தின் கட்டத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும், சொந்த மூளையைச் சேர்க்கக் கூடாது என்பது அக்காவின் கொள்கை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

முதுகுத்தண்டு சரியாக மூடாமல், முதுகில் கட்டிபோல ஒரு பையோடு சில குழந்தைகள் பிறக்கும். அக்காவின் பதிவேட்டில் முன்பெல்லாம் வருடத்துக்குப் பத்துக் குழந்தைகள் அப்படி இருந்தார்கள். பிறகு ஏழு, நான்கு, இரண்டு என்று இறங்கியது. வியாழக்கிழமை அறைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். கர்ப்பமாவதற்கு முன்பே பெண்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிற அறை அது. கரு உருவான முதல் மாதத்திலேயே முதுகுத்தண்டு மூடிவிடும். நாள் தள்ளிப்போய், தயங்கி, மூன்றாம் மாதம் வந்து மாத்திரை வாங்கினால் இந்தக் கோளாறுக்கு அது உதவாது. ஆண்டு அறிக்கையில் அந்த இரண்டை எழுதிய அன்று அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே ஒரு மதியம், யாரோ ஒரு தாயின் வயதைச் சரிபார்க்க என் நோட்டைப் புரட்டினார். நடுவில் விரல் நின்றுவிட்டது.

"முதுகுத்தண்டு மூடலன்னு ரெண்டு பக்கத்துல மூணு பேர் இருக்காங்களே. இவங்கல்லாம் எங்கடா பொறந்தாங்க?"

"பொறக்கலக்கா. அஞ்சாம் மாச ஸ்கேன்லயே தெரிஞ்சுபோச்சு. பெத்தவங்க வேணாம்னு முடிவெடுத்துட்டாங்க."

அன்று அவர் சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் அந்த வருடம் முழுவதையும் எண்ணினார். பதிவேட்டில் இரண்டு, என் நோட்டில் ஒன்பது. ஆக மொத்தம் பதினொன்று. விசாரித்துப் பார்த்தால், அந்தப் பதினொரு பெண்களில் ஒருத்திகூட வியாழக்கிழமை அறையின் வாசலை மிதித்ததில்லை. அப்படி ஓர் அறை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"கொறையவே இல்லடா. என் நோட்டுலேர்ந்து உன் நோட்டுக்குப் போயிருக்கு, அவ்ளோதான். கொறஞ்சிருக்குன்னு வருஷா வருஷம் நான்தானே எழுதி அனுப்பினேன்!"

பத்தடி தூரத்தில் உட்கார்ந்து இத்தனை வருடம் அந்த நோட்டை எழுதியவன் நான். எனக்கும் உறைக்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அக்கா அறிக்கையைத் திருத்திப் பதினொன்று என்று எழுதி அனுப்பினார். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. விளக்கக் கடிதத்தோடு மறுபடி அனுப்பினார். அதுவும் திரும்பியது. மூன்றாவது முறை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"படிவத்துல உயிருடன் பிறந்தவைன்னு தெளிவா இருக்கு. நீங்க ஏம்மா வேற எதையோ கொண்டுவந்து சேக்கறீங்க?"

"வேற எதையோ இல்ல சார், அதே கோளாறு. அந்த அறையை இன்னும் நாலு தெருவுக்குக் கொண்டுபோகணும் சார்."

"அதுக்குக் கட்டம் இல்லயேம்மா."

"அப்போ ஒரு கட்டம் போடுங்க சார்."

"அது என் கையில இல்ல."

அக்கா அதற்கு மேலே ஐந்து பேரிடம் பேசினார். ஐந்து பேர் கையிலும் அது இல்லை. யார் கையில்தான் இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருடம் பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை; எல்லாம் என் நோட்டில்தான். பூஜ்யம் என்று எழுதாவிட்டால் வார்டுக்கு வர வேண்டிய சாமான் எதுவும் வராது என்றார்கள். அக்கா ஒரு வாரம் முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தே நாளில் வியாழக்கிழமை அறைக்குப் பூட்டு. கோளாறு அறவே நீங்கியதால் அறை மூடப்படுகிறது என்று கதவில் ஓர் அறிவிப்பு.

அந்த வியாழக்கிழமை எதிர்க்கடைத் தையல்காரப் பெண் வந்தாள். இந்த வருடத் தொடக்கத்தில் அவளை என் நோட்டில் எழுதியவன் நான்தான். அடுத்த குழந்தைக்கு முன்னால் கட்டாயம் மாத்திரைக்கு வா என்று அக்கா அவளிடம் சொல்லியிருந்தார். புடவையில் நூல் பிசிறு ஒட்டியிருக்க, பூட்டைப் பார்த்தபடி நின்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, டாக்டரம்மாவிடம் அவளுக்கு வேண்டிய கூடுதல் அளவு மாத்திரையை எழுதி வாங்கினார்.

திரும்பும்போது அவள் அறிவிப்பைப் படித்தாள்.

"இப்போ யாருக்குமே வர்றதில்லயாக்கா? நல்லதுதானே?"

அக்காவுக்குப் பொய் வராது. இரண்டு நோட்டையும் பற்றி முழுதாகச் சொன்னார். அவள் மருந்துச் சீட்டை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் குழந்த அந்த அறிக்கையில எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லம்மா."

"எனக்கு ஒண்ணுமே நடக்கலன்னு எழுதியிருக்காங்களா? யாரு எழுதினதுக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை.

"நான்தாம்மா எழுதினேன்" என்றார்.